அந்த விசில் எனக்கு மட்டும் கேட்கவில்லை

போன வருஷம் ஆனி மாதம், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற சமயம், தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய மரத் தடிகளை ஏற்றி வந்த ஒரு கப்பலில் இது நடந்தது. வருஷம் ஒன்று ஓடிவிட்டது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

கப்பலில் சிக்னல் கொடுப்பது என் வேலை. கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். கப்பலின் அடியில், சரக்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் மேல்தட்டில், அந்த அறையின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பேன். கீழே இருப்பவர்கள் தடிகளுக்கு இரும்புக் கயிறு சுற்றி மாட்டிவிட்டு ஒதுங்கியதும் நான் கையைத் தூக்கிக் காட்டுவேன், கிரேன் தூக்கும். கீழே ஏதாவது கோளாறு என்றால் விசில் அடிப்பார்கள். விசில் கேட்டால் ஏன் எதற்கு என்று பார்க்காமல் நான் கையை விரித்து நிறுத்தச் சொல்ல வேண்டும். சட்டம் அவ்வளவுதான். பதினாறு வருஷம் இந்த வேலை பார்த்தேன். கீழே நிற்கிறவனின் உயிர் என் கையில் இருக்கிறது என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசுவேன்.

ஊர் ஆலந்தலை, திருச்செந்தூரை ஒட்டிய கடற்கரை. அங்கிருந்து துறைமுகத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தினமும் மோட்டார் சைக்கிள்தான். வண்டி என்றால் எனக்கு உயிர். வாங்கின ஆறாம் மாதமே அதோடு வந்த சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, சத்தம் கூடுதலாகப் போடுகிற ஒன்றை மாட்டினேன். நான் ஆத்தூரில் வரும்போதே அடுத்த ஊரான முக்காணியில் சத்தம் தெரியும். ஹெல்மெட் டேங்க் மேல் உட்கார்ந்து வரும். போலீஸ் நிற்கிற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம், அங்கே மட்டும் அது தலைக்கு ஏறும். காற்று இரண்டு காதிலும் அறைய அறையப் போவதில் ஒரு சுகம் இருந்தது. வீட்டில் வந்து படுத்தால் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். கடற்கரை வீடு என்பதால் அதைக் கடல் இரைச்சலோடு சேர்த்து விட்டுவிட்டேன். பாருங்கள் என் புத்தியை.

கீழே தடிக்குக் கயிறு போடுகிற ஆட்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இது நடப்பதற்குக் கொஞ்ச மாதம் முன்பு, பஸ் சரியில்லை என்று ஒரு வாரம் திருச்செந்தூரிலிருந்து என் வண்டியின் பின்னால் ஏறி வந்தார். அடுத்த வாரம் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஒன் வண்டில வந்தா மறுநா வரைக்கும் காதுக்குள்ள வண்டு பறக்கு தம்பி. நான் பஸ்ஸுலயே வாரேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஓசியில் ஏற்றிக்கொண்டு வந்ததற்கு இதுவா மரியாதை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நடந்ததில் இந்த மனக் காந்தலுக்கும் பங்கு உண்டு என்பதால் மறைக்கக் கூடாது.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டாவது கட்டு தூக்கிக்கொண்டிருந்தோம். நாலு தடி ஒரு கட்டு. கீழே எல்லோரும் ஒதுங்கினார்கள், நான் கையைத் தூக்கினேன். கட்டு ஆள் உயரத்துக்கு வந்ததும் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. காற்றுக்குத்தான் ஆடுகிறது என்று நினைத்து, கிரேனைத் தொடர்ந்து தூக்கச் சொன்னேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கயிறு வழுக்கி, ஒரு தடி உருவிக்கொண்டு விழுந்தது. அண்ணாச்சி பக்கத்தில் நின்றவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாய்ந்தார். அவர்கள் நின்ற இடத்தில் தடி விழுந்து, கப்பலே ஒரு தடவை அதிர்ந்தது. அண்ணாச்சிக்கு முழங்கை சிராய்த்து ரத்தம். மற்றபடி யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு நொடி தவறியிருந்தால் இரண்டு வீட்டில் இழவு விழுந்திருக்கும்.

மேலே ஏறி வந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். "விசில் அடிச்சேன்லா? மூணு தடவ அடிச்சேன். நீ பாட்டுக்குத் தூக்கச் சொல்லுத?"

பயத்தில் இருக்கிறவனுக்குக் கோபம் எவ்வளவு வசதி என்று அன்று தெரிந்தது. "அடிக்கவே இல்ல அண்ணாச்சி. அடிச்சா எனக்குக் கேக்காதா? நான் என்ன செவிடா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் விசாரித்தார். கிரேன் ஓட்டுபவர் கூண்டுக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு இருந்ததால் தனக்கு எதுவும் தெரியாது என்றார். கீழே நின்ற மற்ற மூன்று பேரும் விசில் அடித்ததை நாங்கள் கேட்டோம் என்றார்கள். "ஒங்க ஆளுக்கு நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா" என்று அவர்கள் வாயை அடைத்துவிட்டார் சூப்பர்வைசர். என் பக்கம் தாளை நகர்த்தினார். 'விசில் அடிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சியைப் பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் என்று பேச்சு, ஆனால் அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷம் ஒரு குற்றம் குறை இல்லாமல் வேலை செய்த மனுஷன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

விபத்து நடந்தால் அதில் சம்பந்தப்பட்டவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். மூன்றாம் நாள் என்னை டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் காது. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார் அந்த டெக்னீசியன் பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதலில் 'பூ, பூ' என்று கனத்த சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ திருகிக்கொண்டே இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்து ஹெட்போனைக் கழற்றினேன்.

"மெஷின் நின்னு போச்சும்மா, பாருங்க."

அந்தப் பெண் எழுந்து வந்தார். என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "இல்ல சார். நான் இவ்வளவு நேரமா சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.

அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தபடியே எனக்கு வீட்டுக் குக்கர் நினைவுக்கு வந்தது. வீட்டில் மூணு விசில் வந்ததும் அடுப்பை அணையுங்க என்று மனைவி சொல்லிவிட்டுப் போவாள், நான் குக்கருக்கு எதிரே உட்கார்ந்து பருப்பைத் தீயவிட்டிருக்கிறேன். எதிலும் அக்கறை இல்லாத மனுஷன் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். அது அக்கறைக் குறைவு என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

காது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கொஞ்ச தூரம் மட்டமாகப் போய், சட்டென்று கீழே இறங்குகிற கோடு. எங்கள் ஊர்க் கடலும் அப்படித்தான், இடுப்பளவு தண்ணீர் என்று நடந்துகொண்டே போனால் திடீரென்று கால் எட்டாது. "நான் பேசுறது உங்களுக்குக் கேக்குது, லாரி சத்தம் கேக்குது. அதனால காது நல்லா இருக்குன்னு நினைச்சிட்டீங்க. போனது கீச்சுச் சத்தம் மட்டும். விசில், மணி, குருவி, அதெல்லாம் இந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கு" என்றார்.

எனக்கு உடனே கோபம் கம்பெனி மேல் பாய்ந்தது. இவர்கள் இரைச்சலில் வேலை வாங்கித்தானே காது போனது என்று கேட்டேன். அவர் என் வேலையை விசாரித்தார். காதில் அடைத்துக்கொள்ள எதுவும் தரமாட்டார்களா என்றார். தருவார்கள். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல் இருக்கும் இயர் பிளக், மாதாமாதம் ஒரு பொட்டலம், வாங்கியதற்குக் கையெழுத்து உண்டு. சிக்னல் கொடுக்கும்போது அதைப் போடக் கூடாது, மற்ற நேரம் போட வேண்டும். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"தூண்டில் நரம்புல கோத்து மிதப்பாப் போட்டேன் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் இது புதிதல்ல. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பாதிப் பேர் வீட்டில் அந்த ஆரஞ்சுப் பஞ்சு தூண்டிலில்தான் தொங்கும். கடல் தண்ணீரில் பளிச்சென்று தெரியும், மீன் கடித்தால் சட்டென்று அமுங்கும். காதுக்கு என்று ஒருத்தன் செய்து கொடுத்ததை மீனுக்குப் பயன்படுத்திய கெட்டிக்காரர்கள் நாங்கள்.

பிறகு எதில் வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு வேகம், ஹெல்மெட் உண்டா, சைலன்சர் எது, எத்தனை வருஷம் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே பதில் தெரிந்துவிட்டது. "வேலை இடத்து இரைச்சலும் கொஞ்சம் செஞ்சிருக்கும். ஆனா வேகமாப் போறப்ப காதுல அடிக்கிற காத்து இருக்கே, அதுவே காதைக் கெடுக்கிற அளவு சத்தம். அதுக்கு மேல நீங்க காசு குடுத்து ஒரு சத்தம் வாங்கி மாட்டியிருக்கீங்க. தினமும் ரெண்டு மணி நேரம்." போனது திரும்ப வருமா என்று கேட்டேன். வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். ஹெல்மெட் தலைக்குக் காவல், காற்றின் இரைச்சலுக்கு அது மட்டும் போதாது, உள்ளே இயர் பிளக்கும் வேண்டும் என்றார். அதை விரலால் மெல்லிய திரிபோல உருட்டி, மற்ற கையால் காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது ஊதி நிறைகிற வரைக்கும் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஹாரன் கேட்குமா என்றேன். நன்றாகவே கேட்கும், இரைச்சல்தான் குறையும் என்றார்.

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன். அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கப் போனபோது எட்டுப் போடச் சொன்னார்கள், காதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. வண்டி விற்றவர் மைலேஜ் சொன்னார், கலர் சொன்னார், காதைச் சொல்லவில்லை. சைலன்சர் மாட்டிக் கொடுத்த மெக்கானிக், 'செம கெத்து' என்று முதுகில் தட்டினார். இயர் பிளக் கொடுத்த கம்பெனிக்குக் கையெழுத்து போதும், அது காதுக்குப் போகிறதா கடலுக்குப் போகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. இத்தனை பேரையும் திட்டிவிட்டு நான் நல்லவன் ஆக முடியவில்லை. எனக்கே எனக்கென்று ஒரு கையெழுத்து, விசில் அடிக்கப்படவில்லை என்று ஒரு தாளில் இருந்தது.

அங்கிருந்து நேரே சூப்பர்வைசரிடம் போய் டாக்டர் கொடுத்த தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏன்ல, ஒனக்குக் கிறுக்கா? இத வெளிய சொன்னா ஒன்ன சிக்னல்ல வைக்க முடியாது. அவன் பத்து நா வீட்ல இருந்துட்டு வந்துருவான். வாய மூடிட்டுப் போ" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அந்த நல்லதுக்குள் அடுத்த தடி யார் தலையில் விழும் என்று அவர் யோசிக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இன்னொரு தாள் வாங்கி, விசில் அடிக்கப்பட்டது, மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், என் காதுக்கு அது கேட்காது, மருத்துவ அறிக்கை இணைத்திருக்கிறேன் என்று எழுதி மேனேஜர் கையிலேயே கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். டாக்டர் சொன்னதுபோல் இயர் பிளக்கை உருட்டி வைத்து, ஹெல்மெட் போட்டு, மெதுவாகப் போனேன். திருச்செந்தூரில் ஒரு திருப்பத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என் காதில் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துவிட்டார்.

"பாட்டு கேட்டுக்கிட்டா வண்டி ஓட்டுத? ஃபைன கெட்டு."

எடுத்துக் காட்டினேன். வயர் இல்லை, லைட் இல்லை, வெறும் பஞ்சு என்று உருட்டிக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எங்களை உரசிக்கொண்டு ஒரு வண்டி, பட்டாசு வெடிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போனது. கோயிலுக்கு வந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது, அவர் பார்க்கவில்லை. அதை நான் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். காதைக் கெடுக்கிறவனுக்கு ரோடு ஃப்ரீ, காதைக் காப்பாற்றுகிறவனுக்கு ஃபைனா என்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, பஞ்சைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார்.

அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் கட்டு. என்னைப் பார்த்து அரிவாளைக் கீழே வைத்தார், வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் போட்ட கோட்டைக் காட்டினேன். வேலை உமக்குத் திரும்பக் கிடைக்கும், எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார்.

"கேக்காமப் போனது ஒன் தப்பு இல்ல தம்பி" என்றார். "கேக்கலன்னு சொல்லிருந்தியன்னா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நான் அடிக்கலன்னு சொன்ன பாரு. எம் பொண்டாட்டி கேக்கா, நீங்க ஊதுனது நெசந்தானான்னு. மூணு நாளா அவளே கேக்கா."

அவர் மனைவி உள்ளிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரிடமும் சொன்னேன். "அவரு ஊதுனது நெசந்தான் அக்கா. நான்தான் கேக்காத காத வச்சிக்கிட்டு, அவரு ஊதவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்." அவர் உள்ளே போய்விட்டார்.

அண்ணாச்சி அடுத்த நாளே வேலைக்கு வந்தார். என்னைச் சிக்னலிலிருந்து எடுத்து, கயிறும் சங்கிலியும் அடுக்கி வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதினாறு வருஷப் பெருமை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. பழைய சைலன்சரைப் பரணிலிருந்து இறக்கி மாட்டச் சொன்னபோது, "எல்லாவனும் சத்தம் கூட்டத்தான் வாரான், நீ கொறைக்க வாரியே" என்று மெக்கானிக் சலித்துக்கொண்டார். டீக்கடையில் என் காதில் பஞ்சைப் பார்த்துவிட்டு, என்னலே, பிள்ளை பெத்திருக்கியா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பருப்பு தீய்கிறது என்று எனக்குத் தெரியும். இயர் பிளக் கொடுப்பதும் இந்த ஸ்டோரில்தான், வாங்க வருகிறவர்களை இப்போது நான் சும்மா விடுவதில்லை. என் கண் முன்னால் காதில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், வண்டியில் போகும்போது கட்டாயம் போட வேண்டும் என்று சண்டை பிடிக்கிறேன். தூண்டில் மிதப்புக்கு வேண்டுமானால் பழைய ரப்பர் செருப்பை அறுத்துக்கொள் என்கிறேன். ஸ்டோரில் ஒரு பைத்தியம் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

அண்ணாச்சி என்னிடம் பேசுகிறார். முன்புபோல இல்லை, தேவைக்குப் பேசுகிறார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் அன்று ஊதிய விசிலை நான் இனி ஒருநாளும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் அது மூன்று தடவை ஊதப்பட்டது என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக இன்னொரு மனுஷனைப் பொய்யன் என்று சொல்லும் தைரியம் இனி எனக்கு வராது.